மங்கலாக ஒரு டிவிடி

உலகத்தில் எல்லாருக்கும் வீடியோ பளிச்சென்று வரவேண்டும். எனக்கு மட்டும் மங்கலாக வரவேண்டும். மங்கலாக வந்தால்தான் என் வாழ்க்கை மங்கலகரமாக இருக்கும் என்ற நிலைமை.

விஷயம் இதுதான். என் மாமனார் தலைமையாசிரியர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அன்று முக்கால் மணி நேரம் பேசினார். என் மனைவி வீடியோ கேமராவில் எடுத்தாள். அப்பா முகத்தில் ஆரம்பித்தவள், நடுவே கேமராவை முன்வரிசைப் பக்கம் திருப்பியிருக்கிறாள். அங்கே வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தது அடியேன். புண்ணியவதி, ஜூம் வேறு செய்திருந்தாள்.

மாமனாருக்கு இது தெரியாது. "மாப்பிள்ளை ஒருத்தர்தான் என் பேச்சைக் கண்ணை மூடி ரசிச்சார்" என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு இப்போது அந்த டேப்பை டிவிடியாகப் பார்க்க ஆசை. ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம்.

"ஸ்டுடியோவுல குடுத்துடலாங்க" என்றாள் மனைவி.

"எதுக்கு? வீட்டுல ரெக்கார்டர் இருக்கு. நானே ஏத்தறேன்."

"நீங்களா?"

"ஏன், எனக்குத் தெரியாதா?"

"நீங்களா ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கிட்டா பின்னாடி ஏதோ இருக்கும். அதான் கேட்டேன்."

நான் தூங்கும் இடத்தை மட்டும் வெட்டிவிடலாம்தான். ஆனால் கூடவே பேச்சும் வெட்டுப்படும். மாமனாருக்குத் தன் பேச்சு வரிக்கு வரி மனப்பாடம். ஆகவே, படத்தைக் கெடுப்பது ஒன்றே வழி. படம் போகிற மஞ்சள் ஒயரில் இருப்பதிலேயே இற்றுப்போனதைத் தேடிப்பிடித்துச் சொருகினேன். ரெக்கார்டரையும் எட்டு மணி நேரத்துக்கு வைத்தேன். துணி மடிக்க வந்த மனைவி ரெக்கார்டரை எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, 'எட்டு மணி'ன்னு காட்டுது?"

"ஒரு டிஸ்க்ல எவ்வளவு நேரம் அடைக்கலாங்கிறது."

"அப்பா பேசினது முக்கால் மணிதானே?"

"உங்கப்பா பேச்சை நம்ப முடியுமா? நீண்டுட்டா?"

"பேசி முடிச்ச பேச்சு எப்படிங்க நீளும்?"

"இதெல்லாம் டெக்னிக்கல். உனக்குப் புரியாது."

"எட்டு மணியில வெச்சா படம் சதுரம் சதுரமா உடையாதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யார் சொன்னா?"

"சும்மா, வாயில வந்துச்சு" என்று துணியோடு போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை. மாமனார் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். டிவிடியைப் போட்டேன். அருமை! மாமனார் முகம் குளியலறை டைல்ஸ் மாதிரி கட்டம் கட்டமாக வந்தது. அந்தக் காட்சியும் வந்தது.

"மாப்ளே, அந்த ஓரத்துல நிக்கறது என்னது?"

"தூண், மாமா."

"தூண் கொட்டாவி விடுதே?"

"டேப் பழசு மாமா. அப்படித்தான் இழுக்கும்."

மனைவி எழுந்தாள். "அப்பா, இவர் பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டு இப்படி ஆக்கியிருக்கார். இவர் ஏத்தறதுக்கு முன்னாடியே நான் ஸ்டுடியோவுல குடுத்து ஒரு காப்பி போட்டு வெச்சேன். அதைப் பாருங்க."

அந்த டிஸ்க் ஓடியது. கண்ணாடி மாதிரி படம். என் கடைவாய்ப் பல்லில் அடைத்திருந்த சிமெண்ட்கூடத் தெரிந்தது. எனக்குச் சோபாவுக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. மாமனார் என்னையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"விடுங்க மாப்ளே. அந்தப் பேச்சை எழுதும்போது எனக்கே ரெண்டு தடவை தூக்கம் வந்துச்சு."

எனக்கு உயிர் வந்தது. படம் காட்டப் போய் மாட்டிக்கொண்டாலும் விஷயம் வீட்டோடு போயிற்றே! அந்த நிம்மதியில் ஸ்டுடியோ டிவிடியின் உறையைக் கையில் எடுத்தேன். அட்டை முழுக்க நான். வாயைப் பிளந்தபடி.

"இது என்னடி?"

"சொந்தக்காரங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு டிவிடி அனுப்பினேன், அதே அட்டைதான். முன்னாடி போட ஆடாம அசையாம ஒரு படம் வேணும்னு ஸ்டுடியோக்காரர் கேட்டார். முக்கால் மணி நேரமும் தேடிப் பாத்தோம். அசையாம இருந்தது நீங்க ஒருத்தர்தாங்க."