ஏத்தவாழையில் மட்டிக்குலை

சட்டம் படித்து முடித்து நான் எழுதிய முதல் குற்றப்பத்திரிகை என் மீதுதான். பெருமைக்காகச் சொல்லவில்லை; வேறு வழியில்லாமல் போய்விட்டது.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூறைத் தாண்டியிருந்த புதிது; இங்கிலீஷ் கணக்கில் 1925 வாக்கில். திருவனந்தபுரத்தில் பி.எல். முடித்து ஊர் வந்திருந்தேன். நாகர்கோவிலில் ஒரு ஜட்ஜிக்கு, தீர்ப்பு எழுத உதவியாகச் சட்டம் படித்த குமாஸ்தா வேண்டும் என்று தெரிந்தது. சுசீந்திரத்தில் வயலும் வாய்க்காலுமாக வாழ்ந்த என் தாய்மாமா கூப்பிட்டுச் சொன்னார்: “அந்த வேலை கெடச்சா எம்மவ பகவதியத் தாறேன். கெடைக்கலேன்னா அவளுக்கு வேற எடம் பாப்பேன், பாத்துக்க.”

பகவதி கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தாள். (என் திறமையில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.)

என் பள்ளித் தோழன் காதருக்குக் கோட்டாற்றில் ஜவுளிக்கடை. அவனிடம் கோட்டும் சரிகைத் தலைப்பாகையும் இரவல் வாங்கினேன். “ஏலே மக்கா, எங்க வாப்பா கல்யாணத்துக்குக் கட்டின தலப்பா இது. ஒரு கறை பட்டுச்சு, அப்புறம் நீ கோட்டாத்துல கால் வைக்கப்படாது” என்றான்.

புறப்படும் நேரத்தில் மாமா மட்டி வாழைப்பழக் குலை ஒன்றை வில்வண்டியில் ஏற்றினார். பெரிய மனிதர்களைப் பார்க்க வெறுங்கையோடு போவது, எங்கள் பக்கத்தில் வேட்டி இல்லாமல் போவதற்குச் சமம்.

“ஜட்ஜிக்கு இதெல்லாம் கொடுக்கலாமா மாமா?”

“ஏன், அவரு பழம் திங்க மாட்டாராலே?”

சட்டக் கல்லூரியில் இந்தப் பாடம் எடுக்கவில்லை; வண்டியில் ஏறிக் குலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஜட்ஜியின் பங்களா வாசலில் என்னையும் குலையையும் இறக்கிவிட்டு வண்டி போய்விட்டது. முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த வேலைக்காரி செல்லம்மை குலையைக் கண்டதும் நிமிர்ந்தாள். “ஐயா, நேத்து ஒருத்தரு கருப்பட்டி கொண்டாந்தாரு. எசமான் ஏசின ஏச்சுல மனுசன் செருப்பையும் விட்டுட்டு ஓடிட்டாரு. அந்தா கெடக்கு பாருங்க.”

கிடந்தது. ஒன்றல்ல, இரண்டும்.

அவள் நான் வந்ததைச் சொல்ல உள்ளே போனாள். பங்களாவை ஒட்டி வாழைத்தோட்டம். வாழைக்குலையை ஒளிக்க அதைவிடத் தோதான இடம் உலகத்தில் உண்டா? இன்னும் குலை தள்ளாத ஒரு வாழையில் என் குலையைச் சாத்தினேன். கட்டக் கயிறு இல்லை. தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டினேன். தள்ளி நின்று பார்த்தபோது அது அங்கேயே பிறந்து வளர்ந்தது போலிருந்தது. (பயந்தவன் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரியும்.)

உள்ளே ஜட்ஜி கேட்ட நாலைந்து கேள்விகளுக்கு ஒழுங்காகவே பதில் சொன்னேன். வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். அப்போது செல்லம்மை ஓடிவந்தாள்.

“எசமானே! நம்ம ஏத்தவாழையில மட்டிக்குல தள்ளிருக்கு! சரிகைத் தலப்பாவும் கெட்டிருக்கு!”

ஏத்தன் என்கிற நேந்திரங்காய் கைத்தடி மாதிரி இருக்கும். மட்டி விரல் மாதிரி. நாஞ்சில் நாட்டுக் கைக்குழந்தைக்கும் தெரிந்த வித்தியாசம். பி.எல். படித்தவன் கவனிக்கவில்லை.

ஜட்ஜி என் வெறுந்தலையைப் பார்த்தார். சிரிக்கவுமில்லை, ஏசவுமில்லை. ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். “இதை ஒரு வழக்கா எடுத்துச் சுருக்கம் எழுதும். சங்கதி, சாட்சி, முடிவு. அரை மணி நேரம்.”

முதலில் ‘இயற்கையின் அதிசயம்’ என்று எழுதினேன், அடித்தேன். ‘யாரோ எதிரியின் சதி’ என்று எழுதினேன். சாட்சி செல்லம்மை கதவருகே நின்று என் தலையையே பார்த்துக்கொண்டிருந்ததால் அதையும் அடித்தேன். கடைசியில் உண்மையை எழுதினேன். கொடுத்தனுப்பியவர் மாமா, கட்டியவன் நான், ‘பிரதிவாதி இந்த உத்தியோகத்துக்குத் தகுதியற்றவன்’ என்று முடித்துக் கையெழுத்தும் போட்டேன்.

ஜட்ஜி படித்துவிட்டு மாமாவின் பெயரைக் கேட்டார். சொன்னேன்.

“அவரோட வாய்க்கால் வழக்கு அடுத்த மாசம் என் முன்னால வருது. தெரியுமா?”

நான் அவரையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தேன்.

“தெரியாதுன்னு உம்ம முகமே சொல்லுது. முடிவு சரியா எழுதியிருக்கீர். மாத்த எனக்குக் காரணமில்லை.” என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். “எழுத்து நல்ல எழுத்து. வக்கீலாப் போம். குலையையும் கொண்டு போம்.”

குலையைத் தலையில் ஏற்றிக்கொண்டு கோட்டாறு வழியே நடந்தேன். கடை வாசலில் காதர்.

“தலப்பா எங்கலே?”

“குலைக்கு அடியில.”

சும்மாடாகச் சுருட்டியிருந்த அதை எடுத்து விரித்துப் பார்த்தான். சரிகை முழுக்க வாழைக்கறை. அதன்பின் ஆறு மாதம் நான் கோட்டாற்றில் கால் வைக்காமல் சுற்றுவழியில் போனேன்.

மறுமாதம் ஜட்ஜி சேற்றில் இறங்கி வாய்க்கால் வரப்பெல்லாம் தானே நடந்து பார்த்துத் தீர்ப்பு எழுதினார். மாமா ஜெயித்தார்! அந்தத் தீர்ப்பை நான் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். குலை அனுப்பியவர் என்ற கோபம் அதில் ஒரு வரியில்கூட இல்லை. தண்ணீர் யாருக்கு என்பது மட்டுமே இருந்தது. இத்தனை வருஷம் வக்கீலாக இருந்தும் அப்படி ஒரு பக்கம் எழுத எனக்கு வரவில்லை.

மாமாவிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். “போலே! அரை மணி நேரம் அவரு தோட்டத்துல தொங்கிச்சில்லா? அதான் ஜெயிச்சுது. கெட்டின கைக்கு எம்மவளத் தராம இருப்பனா?”

ஜட்ஜியின் நேர்மையைப் பற்றி மேலும் வாதாட வாயெடுத்தேன். கதவுக்குப் பின்னால் பகவதி நிற்பது தெரிந்தது. வாதத்தை அத்துடன் முடித்துக்கொண்டேன்.

இப்போதும் எந்தக் கட்சிக்காரராவது குலையோடு வந்துவிட்டால், உள்ளேயிருந்து அவள் குரல் வரும்: “இத எந்த வாழையில கெட்டப் போறிய?” பிள்ளைகள் ஓடிப்போய் என் தலைப்பாகையை எடுத்து ஒளித்து வைத்துவிடுவார்கள்.