டெம்போவின் வேகம்

எங்கள் பழைய காரின் ஹாரனுக்கு வாத்துக் குரல். கல்யாணமான புதிதில் அது தெருமுனையில் கேட்டதுமே தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றுவேன். பிறகு கார் மாறியது, ஹாரன் மாறியது. ஓட்டுகிறவர் மட்டும் மாறவில்லை. அவர் என் கணவர் ஹெர்பர்ட்.

இந்த வருடம் நாங்கள் குடியிருக்கும் ரிச்சர்ட்ஸ் டவுனில் அவர் உரசாத காம்பவுண்டுச் சுவர் பாக்கியில்லை. கேட்டால், சுவர் குறுக்கே வந்தது என்பார்.

"ஓட்டுறதை விட்டுடுங்க. என்கிட்டயும் லைசென்ஸ் இருக்கு."

"எம்மேல தப்பில்ல டோரதி. ஊரே வந்து மேல விழுது. நிரூபிக்கிறேன் பாரு."

எங்கள் மகள் டீனாவின் கம்பெனியில் காருக்குக் கேமரா செய்கிறார்கள். சுற்றிலும் உள்ள வண்டிகள் எந்தப் பக்கம், என்ன வேகத்தில் போகின்றன என்று படத்தைப் பார்த்தே கணித்துத் திரையில் காட்டும். அதில் ஒன்றை எங்கள் காரில் மாட்டச் சொன்னார் ஹெர்பர்ட்.

"கேமரா என் பக்கம் சொன்னா, நீ இனிமே கார்ல வாயே திறக்கக் கூடாது."

"சொல்லலைன்னா சாவி எனக்கு."

"எடுத்துக்கோ! அது வெளியேதானே பார்க்குது?" அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

சமையலறையில் டீனா என்னிடம் வேறொன்று சொல்லியிருந்தாள். "வெளியே எது ஓடுது, எது நிக்குதுன்னு தெரியணும்னா, நம்ம கார் எப்படிப் போகுதுன்னு அது முதல்ல கணக்குப் போடணும் மம்மி." நான் அதை அவரிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, கறி வாங்க சிவாஜிநகர் போனோம். பின்சீட்டில் டீனா, மடியில் திரை.

"அந்த ஆட்டோ?"

"நேரா போகுது டாடி."

"பஸ்?"

"அதுவும் நேராத்தான்."

"அப்போ யாருதான் கோணலாப் போறது?"

டீனா இருமினாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திடீரென்று கத்தினார். "பாரு, பாரு! டெம்போக்காரன் எப்படிப் பாஞ்சு வர்றான்! என்ன வேகம், சொல்லும்மா!"

"பூஜ்யம் டாடி."

"என்னது?"

"அது நிக்குது. நாமதான் அதுமேல போறோம்!"

பிரேக் போட்டார். டீக்கடையிலிருந்து டெம்போ டிரைவர் கிளாஸும் கையுமாக எட்டிப் பார்த்தார். "காலையிலேர்ந்து இங்கேயேதான் நிக்குது ஸார்," என்றார், மிகுந்த மரியாதையோடு.

"கேமரா சரியில்ல," என்றார் ஹெர்பர்ட்.

"டீக்கடைக்காரரையும் கேட்டுடலாமாங்க?"

கையை நீட்டினேன். சாவி சூடாக இருந்தது.

இப்போது காரை நான் ஓட்டுகிறேன். என் பக்கத்தில் உட்கார மனசில்லாமல் ஹெர்பர்ட் சர்ச்சுக்கு நடந்து போகிறார்.