பேட்ஜ் குத்தாத எரிபொருள்

வானத்துக்குச் செயற்கைக்கோள் அனுப்புவதென்று நாடு முடிவெடுத்த அதே ஆண்டில், நாட்டுத் தலைவரின் முகம் பொறித்த பேட்ஜ் இல்லாமல் எதையும் வெளியே அனுப்புவதில்லை என்று ராக்கெட் தொழிற்சாலையும் முடிவெடுத்தது. இரண்டும் உயர்ந்த முடிவுகள். ஆகவே இரண்டும் ராக்கெட்டின்மேல் ஏறின.

மனிதர்கள் சட்டையில் குத்திக்கொண்டார்கள். கருவிகளுக்குச் சட்டை கிடையாது. திருகாணி போட்டு முடுக்கினார்கள். பம்புப் பிரிவு ஒன்று வைத்தால் பேட்டரிப் பிரிவு இரண்டு வைத்தது. தங்கள் விசுவாசம் யாருக்கும் இளைத்ததல்ல என்று, வால்வுப் பிரிவினர் சோற்றுத்தட்டு அகலத்தில் ஒன்றை வார்த்தே எடுத்துவிட்டார்கள்.

எடைப் பொறியாளர் ரென் ஷூபிங் தராசைப் பார்த்தார். எடை எல்லை தாண்டியிருந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. சாப்பாட்டு வரிசையில் "இந்த பேட்ஜ் கொஞ்சம் கனம்" என்று ஒருமுறை சொன்னதற்காகப் பன்றிப் பண்ணையில் சாணி அள்ளிவிட்டு, இந்த வசந்தத்தில்தான் திரும்பியிருந்தார். மறுபடி போனால் மனைவி இருக்கும் தொழிற்சாலை வீடும் போய்விடும்.

ஆனால் தராசுக்கு அந்தப் பயம் இல்லை. தொழிற்சாலையை ஆளும் புரட்சிக் குழுவின் தலைவர் டுவான் முள்ளைப் பார்த்துவிட்டார்.

"என்ன ரென், முள்ளு அந்தக் கோடிக்குப் போய் நிக்குது?"

"எடை கொஞ்சம் கூடியிருக்கு, தோழரே."

"எதனால? பேட்ஜாலன்னு சொல்ல வர்றீங்களா?"

"ஐயோ! விசுவாசத்துக்கு ஏது தோழரே எடை?"

"அப்படிச் சொல்லுங்க! பண்ணை உங்களை நல்லாத்தான் பழக்கியிருக்கு." டுவான் ராக்கெட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "பேட்ஜ் இல்லாத சாமான் ஏதாவது இருக்கா இதுல?"

"எரிபொருள் ஒண்ணுதான். தண்ணி மாதிரி ஓடுறதுல எப்படிக் குத்துறது?"

"அது எவ்வளவு கனம்?"

"மொத்தத்துல பெரும்பங்கு அதான்."

"பாத்தீங்களா! ஒரு பேட்ஜ் கிடையாது, கனம் மட்டும் இவ்வளவு! எதிரி மாதிரி நம்ம வயித்துக்குள்ளயே ஒளிஞ்சிருந்திருக்கு. பாதியக் குறைங்க!"

குறைத்தால் என்ன ஆகும் என்று ரென்னுக்குத் தெரியும். அதற்காகக் கூட்டிய கூட்டத்தில் இருந்த அத்தனை பொறியாளர்களுக்கும் தெரியும். யாராவது சொல்வார்களா என்று எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். பிறகு ஒருமனதாகக் கை தூக்கினார்கள். முதலில் எழுந்தது ரென்னின் கை.

கோபிப் பாலைவனத்தில் முரசு கொட்டி ஏவினார்கள். ராக்கெட் மிடுக்காக எழும்பியது. பாதி வழியில் யோசித்தது. திரும்பி வந்து ஒட்டகங்கள் மேயும் இடத்தில் விழுந்தது.

பம்பு தூள், வால்வு தூள். பேட்ஜ்கள் மட்டும் மணலில் பளபளவென்று கிடந்தன. உயர்நிலை விசாரணைக் குழு இதைக் கண்டு நெகிழ்ந்தது. பழுதே ஆகாத பாகம் இது ஒன்றுதான் என்பதால், அடுத்த ராக்கெட்டில் இரட்டிப்பாக வைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஏவுவதற்கு முன்பே பீதி கிளப்பிய குற்றத்துக்காகத் தராசைப் பன்றிப் பண்ணைக்கு அனுப்பியது. தக்க நேரத்தில் கை தூக்கிய ரென் எடைப் பிரிவுத் தலைவரானார்.

அடுத்த ராக்கெட்டும் தயாராகி நின்றது.

"எடை என்ன, ரென்?" என்று கேட்டார் டுவான்.

"எவ்வளவு இருந்தா நல்லாயிருக்கும், தோழரே?"

டுவான் ஒரு எண்ணைச் சொன்னார்.

"இம்மி பிசகாம அதேதான்!"

எல்லோரும் ஓயாமல் கைதட்டினார்கள். தட்டிக்கொண்டே, ஒவ்வொரு அடியாக, ராக்கெட்டை விட்டுப் பின்னால் நகர்ந்தார்கள். முதலில் நகர்ந்தவர் ரென்.