மூன்று கொட்டேஷனும் ஒரு கடைவாய்ப் பல்லும்

பெருமதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு, உடன்பிறந்த தம்பி வணங்கி எழுதிக்கொள்வது. தாங்களும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் இங்கே சுகமே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அப்படி ஒரு பொய்யை எழுதக் கை வரவில்லை. வலது கன்னம் பன் மாதிரி வீங்கியிருக்கிறது. வாயைத் திறந்தால் வார்த்தைக்குப் பதில் முனகல்தான் வருகிறது. போன் செய்தால் யாரோ மிரட்டுகிறார்கள் என்று தாங்கள் வைத்துவிடக்கூடும் என்பதால் இந்தக் கடிதம். பொறுமையாகப் படிக்கவும். ஏனென்றால் இத்தனைக்கும் மூல காரணம் தாங்கள்தான்.

போன முறை தாங்கள் வந்திருந்தபோது நடந்தது நினைவிருக்கும். சின்னவன் தன் கைச்செலவுப் பணம் முழுவதையும் கொண்டுபோய் இருட்டில் மின்னுகிற ஒரு கைக்கடிகாரம் வாங்கிவிட்டு, மறுநாள் காலையே பேனா வாங்கக் காசில்லை என்று என் முன்னால் வந்து நின்றான். பெரியவளோ முடிக்கு நீலச் சாயம் அடிக்கிற டப்பா ஒன்றை வாங்கி, வீட்டில் ஒருத்தருக்கும் பிடிக்காமல், அவளுக்கே பிடிக்காமல், அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். "பதினாலு வயசும் பதினாறு வயசும் ஆச்சு, காசோட அருமை தெரியல. நீ கம்பெனிக்கே சாமான் வாங்கிப் போடுறவன், உன் பிள்ளைகளுக்கு வரவு செலவு திட்டம் போடச் சொல்லிக் கொடுக்க மாட்டியா?" என்று தாங்கள் கேட்டீர்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பெயிண்ட் கம்பெனியில் கொள்முதல் பிரிவே என் கையில்தானே இருக்கிறது!

சம்பளம் வந்ததும் எல்லாரையும் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்தேன். தேவை, ஆசை, சேமிப்பு என்று மூன்று டப்பா வைத்தேன். வருமானத்தில் பாதி தேவைக்கு. மிச்சத்தில் பெரிய பங்கு ஆசைக்கு, சின்னப் பங்கு சேமிப்புக்கு. ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் போடக் கூடாது என்று விளக்கினேன். இதோடு நிறுத்தியிருக்கலாம். பிள்ளைகள் அபூர்வமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்களா, எனக்குத் தலைகால் புரியவில்லை. வெறும் கைச்செலவுக் காசை வைத்துப் பழகினால் போதாது, இந்த மாதம் வீட்டுச் செலவு மொத்தமும் நீங்களே பாருங்கள் என்று சம்பளத்தை அப்படியே பெரியவள் கையில் கொடுத்துவிட்டேன். சின்னவன் ஆடிட்டர். அதற்கு மேலும் வாய் சும்மா இருந்ததா? "எங்க ஆபீஸ்ல மூணு கொட்டேஷன் இல்லாம ஒரு குண்டூசி வாங்க முடியாது. இங்கயும் அதே சட்டம்தான். ஒரு டீ விலையைத் தாண்டினா மூணு கடையில விலை கேட்டு வரணும். யாருக்கும் விதிவிலக்கு கிடையாது, எனக்கும் சேர்த்துத்தான்!" என்று மேசையைத் தட்டினேன். "யோசிச்சுத்தான் பேசுறீங்களா?" என்று உங்கள் தம்பி பெண்டாட்டி கேட்டாள். நான் சிரித்தேன் அக்கா. வலிக்காமல் சிரித்தது அதுதான் கடைசி.

அவர்கள் காசைக் கரைப்பார்கள், நான் திருத்துவேன் என்றுதான் நினைத்திருந்தேன். நடந்ததைக் கேள். சின்னவனுக்குக் கால்பந்து ஷூ வேண்டும்; பழைய ஷூவில் கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்க்கிறது. பெரியவளுக்கு வகுப்போடு கடற்கரைக்குச் சுற்றுலா போக வேண்டும். இரண்டையும் ஆசை டப்பாவில் எழுதி ஒட்டிவிட்டு, அதிலிருந்து ஒரு காசைத் தொடவில்லை. நான் அசந்து போனேன். அடுத்த வாரம் ஆடிட்டர் என் பக்கம் திரும்பினான். "அப்பா, வீட்டுல ஏன் மூணு டிரில் மெஷின் இருக்கு?" கடைக்காரன் பாதி விலைக்குக் கொடுத்தான் என்றேன். "இதுவரைக்கும் சுவத்துல எத்தனை ஓட்டை போட்டிருக்கீங்க?" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் வீட்டில், என் முகத்துக்கு நேராக! அன்றோடு வீட்டுக்கு வருகிற இரண்டு செய்தித்தாளில் ஒன்றை நிறுத்திவிட்டார்கள். முடி வெட்டக் காசு கேட்டேன்; சலூனுக்கும் மூன்று கொட்டேஷன் என்றார்கள். இந்தத் தலையோடு மூன்று சலூன் ஏறி இறங்கினேன். இரண்டாவது கடைக்காரர் என் தலையைச் சுற்றிப் பார்த்து, "வெட்ட என்ன சார் இருக்கு?" என்று பாதி விலை சொன்னார். குறைந்த விலைக்குத்தான் வேலை கொடுக்க வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். வேலையும் அந்த விலைக்குத் தகுந்த மாதிரிதான் இருந்தது. ஆபீஸில் தொப்பியோடு உட்கார்ந்திருக்கிறேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். அப்புறம்தான் கடைவாய்ப் பல் ஆரம்பித்தது. பல் டாக்டர் என்றால் சின்ன வயதிலிருந்தே நான் ஓடி ஒளிகிறவன், உனக்குத் தெரியாததா? அதனால் வலி மாத்திரைக்கு மட்டும் கொஞ்சம் காசு கேட்டேன். "மாத்திரை ஆசைப்பா. டாக்டர்தான் தேவை" என்றாள் பெரியவள், கண்ணைக்கூட இமைக்காமல். சரி, டாக்டருக்கே கொடு என்றால், "மூணு கொட்டேஷன்?" என்று கையை நீட்டுகிறாள். பெற்ற தகப்பன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் அக்கா! மனசாட்சியே இல்லையா? உன் தம்பி பெண்டாட்டியைப் பார்த்தேன். அவள், "எனக்கும் சேர்த்துத்தான்னு மேசையைத் தட்டினது யாரு?" என்று துணி மடிக்கப் போய்விட்டாள்.

போனேன். வேறு வழி? ஆடிட்டரும் கூடவே வந்தான். முதல் டாக்டர் பல்லைக் காப்பாற்றலாம், வேருக்குச் சிகிச்சை செய்து மேலே உறை போடலாம் என்று ஒரு தொகை சொன்னார்; வலி ஒரு நொடி நின்றே போனது, அவ்வளவு பெரிய தொகை. இரண்டாமவர் பிடுங்கிவிடலாம் என்றார். மூன்றாமவர் பிடுங்கிவிட்டுப் புதுசு கட்டலாம் என்றார். அங்கே நான் வாயைப் பிளந்துகொண்டு நாற்காலியில் மல்லாந்து கிடக்கிறேன், இவன் டாக்டரிடம் கேட்கிறான்: "ரெண்டு பல்லா பிடுங்கினா எவ்வளவு குறைப்பீங்க?" நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்ததில் விளக்கில் தலை இடித்தது. ஏற்கெனவே அந்தத் தலைக்கு என்ன மரியாதை மிச்சமிருக்கிறது!

வீட்டுக்கு வந்து மூன்று சீட்டையும் கொடுத்தேன். சின்னவன் பார்த்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்தான். "இதுல மூணும் ஒரே வேலைக்கு இல்லையேப்பா. ஒண்ணு காப்பாத்துறதுக்கு, ஒண்ணு பிடுங்குறதுக்கு, ஒண்ணு கட்டுறதுக்கு. எப்படி ஒப்பிட்டுப் பாக்குறது? செல்லாது." அக்கா, இது என் வசனம்! இதே வார்த்தையைச் சொல்லி நான் எத்தனை பேருடைய ஃபைலைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன் தெரியுமா? ஆசை டப்பா நிரம்பி வழிகிறது, ஷூவுக்கும் சுற்றுலாவுக்கும். அப்பன் பல்லுக்கு அதில் இடமில்லை. கல் நெஞ்சுப் பிள்ளைகள்.

ஆகவே அக்கா, இரண்டு கோரிக்கை. ஒன்று, நீ உடனே கிளம்பி வந்து இந்தத் திட்டத்தை ஒழித்துக்கட்ட வேண்டும்; இதுகள் உன் ஒருத்திக்குத்தான் பயப்படும். இரண்டு, யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் பணம் என் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்ப வேண்டும். டாக்டருக்கு என்று வைத்துக்கொள். நான் மாத்திரை வாங்கிச் சமாளித்துக்கொள்வேன்.

அத்தானுக்கு என் பணிவான வணக்கம். தங்கள் பிள்ளைகளுக்கு என் ஆசி. அவர்களுக்கு வரவு செலவு எதுவும் சொல்லிக் கொடுக்காமல் தாங்கள் நீண்ட காலம் நிம்மதியாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லைக் கேட்ட தம்பி.

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். கடிதத்தை மடித்து வைத்துவிட்டுத் தபால்தலைக்குக் காசு கேட்கப் போனேன். பெரியவள் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். "கிளம்புங்கப்பா, டாக்டர் இன்னைக்குத்தான் நேரம் கொடுத்திருக்கார்" என்றாள். எந்த டாக்டர் என்றேன். முதலாமவர், பல்லைக் காப்பாற்றுகிறவர். கொட்டேஷன் செல்லாது என்றீர்களே என்றேன். "அது சும்மா, இன்னைக்கு வரைக்கும் உங்க கையில காசு வராம இருக்கத்தான். வந்தா மாத்திரையைப் போட்டுட்டு டிமிக்கி கொடுத்துடுவீங்க. கொஞ்ச நாளாவே நீங்க இடது பக்கமாவே மெல்றீங்க, அம்மாதான் கவனிச்சாங்க. டாக்டர்கிட்ட போங்கன்னா போவீங்களா? கொட்டேஷன் வாங்கிட்டு வாங்கன்னா நீங்க எங்க வேணும்னாலும் போவீங்க, அதான்" என்றாள். ஆசை டப்பா காலியாக இருந்தது. சின்னவன் இன்னும் அந்தக் கிழிந்த ஷூவோடுதான் விளையாடப் போகிறான். ஆடிப்போய்விட்டேன் அக்கா. ஊசி போட்ட பிறகு அழுதேன், வலியில் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

பணம் அனுப்ப வேண்டாம். வந்து யாரையும் திட்டவும் வேண்டாம். சுற்றுலாவுக்குப் பேர் கொடுக்கக் கடைசி நாள் நெருங்குகிறது, ஷூவும் வாங்கியாக வேண்டும், அதனால் டிரில் மெஷின் மூன்றையும் விற்கிறேன். ஒரு ஓட்டைகூடப் போடாதவை. இரண்டு பேர் விலை சொல்லிவிட்டார்கள். அத்தான் என்ன விலைக்கு எடுத்துக்கொள்வார் என்று உடனே எழுதி அனுப்பவும். மூன்றாவது கொட்டேஷன் இல்லாமல் விற்க ஆடிட்டர் விட மாட்டேன் என்கிறான்.