கறுத்த திரையும் கோபுரம் ஐயாவும்

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் நாராயணி ஒரு தடவைகூட, "ஏங்க, செத்த வாங்களேன்" என்று சமுத்திரத்தைக் கூப்பிட்டதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி; கேஸ் சிலிண்டரை அவளே மாட்டுவாள். ஃபியூஸ் போனால் அவளே போடுவாள். ராஜபாளையத்து மில்லில் நாற்பது பேரை மேய்க்கிற சூப்பர்வைசருக்கு வீட்டில் கிடைத்த ஒரே பதவி, கிரைண்டர் கழுவுவது. அதையும் அவர் ஒழுங்காகச் செய்ததில்லை.

இந்த மனக்குறையில் பிறந்ததுதான் லினக்ஸ் திட்டம். நாராயணி வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் நைட்டிக்குப் பூ டிசைன் போட்டு, செட்டியார்பட்டித் தையல் யூனிட்டுக்கு அனுப்புவாள். அதிலிருக்கும் விண்டோஸைத் தூக்கிவிட்டு, லினக்ஸ் என்ற வேறு இயங்குதளத்தை இறக்கினால்? அவளுக்கு ஒன்றும் புரியாது. எதற்கெடுத்தாலும் இவரைத்தான் கூப்பிட வேண்டும். நினைக்கவே இனித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் டிசைன்களைத் தனியே பத்திரப்படுத்திவிட்டு, வீடியோ பார்த்து லினக்ஸை இறக்கினார். திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டுக்கு இருப்பதிலேயே புத்தம்புது டிரைவரைப் போட்டார். திரை கறுத்தது. கறுத்தது கறுத்ததுதான். மத்தியானம் தாண்டியும் விடியவில்லை.

நாராயணி வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, இருட்டா இருக்கு?"

"யோசிச்சுக்கிட்டு இருக்குடி."

"கம்ப்யூட்டரா, நீங்களா?"

"கார்டு! லினக்ஸ்ல ரகசியமே கெடையாது. அம்புட்டும் ஊருக்குத் தெறந்து கெடக்கும். கார்டு செஞ்சவன்தான் உள்ள என்ன நடக்குன்னு சொல்லாம பூட்டி வச்சிருக்கான்."

"அப்ப கார்டோட பாஷை லினக்ஸுக்கு எப்படித் தெரியும்?"

"அதுக்குத்தான் டிரைவர். நடுவுல நின்னு பேசி விடும்."

"இப்பப் பேசலையோ?"

"பேசும், பேசும்."

"நாலு மணிக்கு டிசைன் போகலைன்னா ஆர்டர வேற ஆளுக்குக் கொடுத்துருவாக. பாத்துக்கோங்க."

கையில் செல்போனோடு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சமுத்திரம் கடிகாரத்தைப் பார்த்தார். ஆர்டர் கைவிட்டுப் போனால் அவள் முகத்தில் எப்படி முழிப்பது? செல்போனை எடுத்து, இணையத்தில் இருக்கும் லினக்ஸ் குழுவில் கெஞ்சினார். "ஐயாமாரே, டிரைவர் போட்டதும் ஸ்க்ரீன் கறுத்துப்போச்சு. காப்பாத்துங்க!"

அரை நிமிஷத்தில் 'கோபுரம்' என்ற பெயரில் பதில் வந்தது. "ஏழு வருசத்துக் கார்டு. புது டிரைவர் அத மதிக்காது. பழைய வரிசை டிரைவர்தான் போடணும்." கூடவே, வெறும் எழுத்துத் திரைக்குப் போகும் வழியும், அடிக்க வேண்டிய நாலு வரியும் இருந்தன. கார்டின் வயதை இவர் சொல்லவே இல்லை என்பது அந்தப் பதற்றத்தில் உறைக்கவில்லை.

அடித்தார். மூன்றே முக்காலுக்குத் திரை பளிச்சென்று விழித்தது. நாலு மணிக்குள் டிசைனை அனுப்பிவிட்டு, மறுபடி செல்போனை எடுத்தார்.

"கோபுரம் ஐயா, நீங்க தெய்வம்! எப்படிக் கண்டுபிடிச்சீக?"

"எங்க ஊரு ஸ்ரீவில்லிபுத்தூர். பெருமாள் மாலையவே ஆண்டாள் சூடிப் பாத்துட்டுத்தான் கொடுத்தா. நாங்களும் எதையும் மொதல்ல போட்டுப் பாத்துருவோம். இதே கார்டுல போன மாசமே பென் டிரைவ்ல லினக்ஸ ஓட்டிப் பாத்தாச்சு."

"கைம்மாறா நான் என்ன செய்யட்டும் ஐயா?"

போனில் பதில் வரவில்லை. பன்னிரண்டு வருஷமாக அவர் ஏங்கிக் கிடந்த அழைப்பு அடுப்படியிலிருந்து வந்தது.

"ஏங்க, செத்த வாங்களேன்! கிரைண்டர் காலையிலேருந்து கழுவாம கெடக்கு."