வேதவல்லி டீச்சரின் ஹெல்மெட்

பிள்ளைகள் காலை வணக்கம் சொல்லி வாயை மூடவில்லை, அதற்குள் ஒற்றைக் கால் சப்பாத்து பறந்து வந்து வேதவல்லி டீச்சரின் மூக்குக்கண்ணாடியை இரண்டாக்கியது. ஒரு துண்டு கையிலும் மறு துண்டு காதிலுமாகத் தலைமையாசிரியர் மரியதாஸின் அறைக்கு ஓடினார்.

“அந்த தர்வின்தானே? அவன மூணாம் ஆண்டுல சேர்க்க வேணாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். தைப்பிங்ல சிறப்புப் பள்ளி இருக்கு, அனுப்பிருவோம்லா.”

“ஐயோ, வேணாம் சார்! அவன் அம்மா கையுறைத் தொழிற்சாலையில ஷிப்டு பாக்குது. அவ்வளவு தூரம் தினம் கொண்டுபோய் விடணும்னா வேலைய விட்டுறணும். புத்தகமும் கையுமா சமத்தா இருக்கிற பையன், திடீர்னு எறிஞ்சிர்றான்.”

“அப்ப உங்களுக்கு என்னதான் வேணும்?”

“பையனும் வேணும், கண்ணும் வேணும் சார்.”

நியாயமான ஆசைதான். ஆனால் மரியதாஸிடம் எந்த நோய்க்கும் ஒரே மருந்து, கண்காணிப்பு. மறுநாள் பாடம் நடக்கும்போதே உள்ளே வந்தார். பிள்ளைகள் சடாரென்று எழுந்து, “வ...ணக்...கம், தலைமையாசிரியர் அவர்களே!” என்று கூரைத் தகரம் அதிர ராகம் போட்டார்கள். “அமருங்கள்” என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். பென்சில் பெட்டி வந்து அவர் நெற்றியில் அமர்ந்தது.

“ஒரு ஆள் பத்தாது” என்றார், தைலம் தேய்த்துக்கொண்டே.

துணைத் தலைமையாசிரியை மணிக்கொரு முறை வந்தார். மணிக்கொரு வணக்கம், மணிக்கொரு தண்ணீர்ப் போத்தல். வகுப்பு வாசலில் பள்ளிக் காவலாளியான ஜாகா அண்ணனை நிறுத்தினார்கள். அவரோ தே தாரிக் டீ குடிக்கப் போய்ப் போய் வருகிற மனிதர். அவர் திரும்பி வந்தபோதெல்லாம் பிள்ளைகள் மரியாதையில் குறை வைக்கவில்லை. தர்வினும் குறை வைக்கவில்லை.

அடுத்து பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் ஜெகா வந்தார். தன் மோட்டார் ஹெல்மெட்டை டீச்சர் தலையில் மாட்டிவிட்டு, வகுப்பைப் பார்த்து முறைத்தார்.

“என்னலா வணக்கம் இது? காலையில பசியாறலையா? இன்னொரு தடவ, ஓங்கி!”

ஓங்கினார்கள். இந்த முறை புத்தகப் பையே வந்தது.

மரியதாஸ் பொங்கிவிட்டார். “நாளைக்குக் கல்வி இலாகாவுல இருந்து அதிகாரி வர்றாங்க. அவங்க முன்னாடி ஏதாச்சும் பறந்துச்சு, பையன் தைப்பிங்தான் டீச்சர். சொல்லிட்டேன்.”

டீச்சர் வகுப்புக்கு ஓடினார். பிள்ளைகளிடம் கெஞ்சினார். “கண்ணுங்களா, நாளைக்கு நம்ம வணக்கத்தக் கேட்டு மேடத்துக்கு மனசு குளிர்ந்துறணும், என்ன?”

மறுநாள் அதிகாரி செண்பகவல்லி உள்ளே கால் வைத்ததும் வகுப்பே உயிரைக் கொடுத்துக் கத்தியது. தர்வினின் சப்பாத்து அவர் தோளில் பட்டு விழுந்தது.

“பாத்தீங்களா மேடம்! நான் சொன்னேன்ல!” என்று குதித்தார் மரியதாஸ்.

டீச்சர் ஹெல்மெட்டுக்குள்ளேயே அழுதுவிட்டார். “அவன அனுப்பிறாதீங்க மேடம். நல்ல பிள்ளை. நேத்துகூட ஒரு பக்கம் முழுசா படிச்சான்.”

அதிகாரி குனிந்து சப்பாத்தை எடுத்தார். காதில் விரலை விட்டு ஒரு குடை குடைந்தார். பிறகு சப்பாத்தை தர்வினிடமே நீட்டினார்.

“இவன் எங்கயும் போக வேணாம் சார். முப்பது வருஷமா வகுப்பு வகுப்பா இந்த வணக்கத்தக் கேட்டுக்கிட்டு இருக்கேன், ஒரு தடவையாச்சும் சப்பாத்தக் கழட்டி எறிய எனக்குத்தான் துணிச்சல் வரல.”