ஹார்ட் டிஸ்க் குணமான விவரம்

வலியசாலை, திருவனந்தபுரம்
ஆகஸ்ட் 14

சௌபாக்கியவதி ஆர்யாவுக்கு அப்பா தாணுலிங்கம் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மா சிவகாமியும் சௌக்கியம். உன் பழைய கம்ப்யூட்டரும் இன்று காலை முதல் சௌக்கியம். புனேயில் நீயும் குழந்தை மீனுவும், என் பேனா சற்று நின்றுவிட்டு எழுதுகிறது, மாப்பிள்ளை சுஜித்தும் நலமாயிருக்க வேண்டும்.

போனில் நீ டிஸ்க் விஷயம் மட்டும் பேசுவதால் மற்றதை இதில் எழுதுகிறேன். உன் கல்யாணத்துக்கு வராமல் நான் முறுக்கிக்கொண்டதிலிருந்து மூன்று வருஷம் நீ என்னோடு பேசவில்லை. நியாயம்தான். மீனுவின் படங்களோடு சேர்த்து வைக்க உன் சின்ன வயதுப் படங்களைக் கேட்டாய், அம்மா "அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி அவருக்குத்தான் தெரியும்" என்று போனை என் கையில் திணித்தாள், நான் அதிலிருந்த படங்களைக் காப்பி எடுக்கப் போட்டேன், அது மீதி இருபது நாள் என்றது. டிஸ்க்கில் இரண்டு மூன்று பிழை வந்ததும் பெட்டியை உள்ளிருந்து நடத்தும் லினக்ஸ் கர்னல் பயந்து, வேகமான டிஎம்ஏ முறையை விட்டு மெதுவான பிஐஓவுக்கு இறங்கிவிட்டது என்றாய். அதாவது பியூனைச் சும்மா உட்கார வைத்துவிட்டு சூப்பிரண்டே ஒவ்வொரு காகிதமாகச் சுமப்பது. துவக்க ஃபைலில் ஒரு வரி சேர்க்கச் சொன்னாய், பெட்டியை அணைத்துப் மறுபடி போட்டால்தான் அது பலிக்கும் என்றாய். சேர்த்தேன். அதற்குள் மீனு அழுவாள், நீ போனை வைப்பாய். மறுநாள் காலை பெட்டியைப் போட்டால் பழைய பிஐஓதான். பன்னிரண்டு நாள், தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு இதே கதை. நீ கேபிளைச் சந்தேகித்தாய், கர்னலைச் சந்தேகித்தாய், கடைசியில் உன் படிப்பையே சந்தேகித்தாய். ஐந்தாம் நாள், "ஐயோ அப்பா, அது இல்ல, சாய்வுகோடு அந்தப் பக்கம்" என்றாய். மூன்று வருஷம் கழித்து வந்த அந்த "அப்பா"வுக்குப் பிறகு நீ சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை மக்களே.

தப்பு என்னுடையது. முப்பத்திரண்டு வருஷம் ரெக்கார்டு அறையில் இருந்தவன். காலையில் எடுத்த ஃபைல் சாயங்காலம் இருந்தபடியே அலமாரிக்குப் போக வேண்டும். வரி சேர்க்கும் முன் நீ எடுத்து வைக்கச் சொன்ன துவக்க ஃபைலின் பழைய நகலை, தினமும் பெட்டியை அணைக்கும் முன் பத்திரமாகத் திரும்ப வைத்துவிட்டேன். உன் வரி ஒரு ராத்திரிகூட அங்கே தங்கவில்லை. நேற்று நடுவில் கரண்டு போனதால் திரும்ப வைக்க முடியவில்லை. காலையில் பார்த்தால் டிஎம்ஏ என்று எழுதிக் காட்டுகிறது.

இனி இரண்டு மணி நேர வேலைதான். படங்கள் கூரியரில் வரும். குழந்தையை வைத்துக்கொண்டு நீ தினமும் கூப்பிட்டுச் சிரமப்பட வேண்டாம். மாப்பிள்ளையிடம் நான் கேட்டதாகச் சொல். மீனு தீர்க்காயுசாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: மக்களே, அம்மா எழுதுகேன். கவரை ஒட்டுகதுக்கு முன்ன பிரிச்சுப் படிச்சேன். கூப்பிட வேண்டாம்னு எழுதிட்டு அவரு அரைமணி நேரமா போனையே பாத்துட்டு இருந்தாரு, இப்போ தபால்தலை வாங்கப் போயிருக்காரு. பன்னிரண்டு நாளா நீ சொன்னதை நானும் பக்கத்துல நின்னு கேட்டவதானே. காப்பியை நிறுத்தி, அந்த வரியை அழிச்சு, பெட்டியை அணைச்சு மறுபடி போட்டேன். டிஸ்க் பழையபடி மெதுவாத்தான் ஓடும். உனக்கு ஒண்ணும் தெரியாத மாதிரி இரி. எப்பவும்போல ஏழு மணிக்குப் போன்ல விளி.